வழி நெடுகச் சண்டை

“முனிசாமி, வண்டியை இங்கயே நிறுத்துப்பா. நாங்க எறங்கிக்கறோம்.”

மதலேனாள் இப்படிச் சொன்னதும் அவள் புருஷனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“இங்க எதுக்கு எறங்கணும்? புதூர்நாடு இன்னும் வரலையே!” என்றார் சின்னப்பராஜ்.

“ஒன்றரை கிலோமீட்டர்தான். இனிமே ஏத்தமும் கிடையாது. நடந்து போலாம்.”

சின்னப்பராஜுக்கு வயது ஐம்பத்து நான்கு. ஆறு மாதம் முன்பு நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்தவர். அதற்கப்புறம் வேலூரில் தன் மூன்றாவது மாடி வீட்டிலிருந்து அவர் நடந்த அதிகபட்ச தூரம், லிஃப்ட் வரைக்கும்தான்.

தினமும் நடந்தே ஆகணும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இவரோ மொட்டை மாடியில் பத்து அடி வைப்பார், நெஞ்சில் கையை வைப்பார், திரும்பி வந்து படுத்துக்கொள்வார். நடந்தால் செத்துப் போய்விடுவோம் என்று அப்படி ஒரு பயம்.

“அக்கா, சாருக்கு உடம்பு சரியில்லேன்னு நீங்கதான சொன்னீங்க?” என்றார் டிரைவர் முனிசாமி.

“அதான் எறக்குறேன். பையை மட்டும் எந்தம்பி டோமினிக் வூட்டுல குடுத்துடு. அவன் குழந்தைக்கு ஞானஸ்நானம் பதினோரு மணிக்குத்தான். வந்துடுவோம்னு சொல்லு.”

மலைக்கு ஆள் ஏற்றிப் போகும் அந்த ஜீப்பில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். புதூர்நாட்டில் இட்லிக்கடை வைத்திருக்கும் மணியம்மாளுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. அவளும் இறங்கிவிட்டாள்.

ஜீப் வளைவில் மறைந்தது. இரண்டு பக்கமும் காடு. சின்னப்பராஜ் செல்போனை எடுத்துப் பார்த்தார். டவர் இல்லை.

“மதலேனா, நெஞ்சு படபடங்குது. இங்க வுழுந்தேன்னா தூக்கிட்டுப் போகக்கூட ஆள் கிடையாது.”

அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் நாலடி முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

“பேசறதுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. உங்க வூட்டு ஆளுங்களே இப்படித்தான். நம்ம கல்யாணத்துல பிரியாணி வேகலேன்னு உங்க அண்ணன் பாதிப் பந்தியில எழுந்து போனாரே!”

சின்னப்பராஜுக்குச் சுருக்கென்றது.

“யாரு எழுந்து போனது? எங்கண்ணன் நல்லா சாப்ட்டு, உங்கப்பாகிட்ட கை குடுத்துட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சொல்லிட்டுத்தான் போனாரு!”

“உங்கம்மா மட்டும் இன்னாவாம்?” என்று அடுத்ததை ஆரம்பித்தாள் மதலேனாள்.

ஒன்று முடிந்தால் இன்னொன்று. இருபத்தைந்து வருஷக் கதையை மூட்டை அவிழ்த்துக் கொட்டினாள். அவரும் விடாமல் பதில் சொல்லிக்கொண்டே வந்தார்.

மணியம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

“இன்னாம்மா இது? நோவு வந்த மனுசங்கிட்ட இப்படியா மல்லுக்கு நிப்பாங்க? செத்த நேரம் உக்காரட்டுமே.”

“உக்காந்தா அப்புறம் எந்திரிக்க மாட்டாரு. நீங்க சும்மா வாங்கக்கா.”

கல்லு மனசுக்காரி என்று மணியம்மாள் உள்ளுக்குள் திட்டினாள்.

சின்னப் பாலம் ஒன்று வந்தது. அங்கே சின்னப்பராஜ் சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டார்.

பத்தடி. இருபதடி. செருப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

மணியம்மாள் திரும்பிப் பார்த்தாள். மனுஷனுக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது. உதட்டை இறுக்கிக்கொண்டு, இடது கையின் நாடியைப் பிடித்தபடி வந்துகொண்டிருந்தார். இன்றைக்கு ஒரு சாவைப் பார்க்கப் போகிறோம் என்றே மணியம்மாள் முடிவு கட்டிவிட்டாள்.

மதலேனாள் நின்றாள். அப்போதும் திரும்பவில்லை. குரல் மட்டும் கிறீச்சென்று வந்தது.

“உங்க தங்கச்சி மெர்சிலின் ஒரு அடங்காப்பிடாரி! நீங்க வளத்த லட்சணம் அப்படி!”

“இன்னாடி சொன்ன?”

சின்னப்பராஜ் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த குருவியெல்லாம் பறந்தது.

“எந்தங்கச்சியப் பத்திப் பேச உனக்கு இன்னாடி யோக்யதை இருக்குது? உனக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப ஒரு மாசம் லீவு போட்டுட்டு வந்து உனக்குக் கஞ்சி வச்சுக் குடுத்தவடி அவ! நன்றி கெட்டவளே!”

நாடியைப் பிடித்திருந்த கை எப்போதோ விட்டுப் போயிருந்தது. கோபத்தில் அவளைத் தாண்டிக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தார். திட்டிக்கொண்டே நடந்தார். ஊர் வந்ததுகூடத் தெரியாமல் நடந்தார்.

“டோமினிக்! வெளிய வா! உங்க அக்கா என்னை இன்னா பேச்சு பேசுறான்னு கேளு!” என்று மச்சினன் வீட்டு வாசலில் அவர் கத்துவது தெருமுனை வரை கேட்டது.

தெருமுனையில் கிடந்த சிமெண்ட் குழாய் மேல் மதலேனாள் தொப்பென்று உட்கார்ந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

மணியம்மாள் விடவில்லை. “இப்ப அழுது இன்னா பிரயோஜனம்? வழி நெடுக அந்த மனுசனப் பேசிப் பேசியே கொல்லப் பாத்தியே, நீயெல்லாம் பொம்பளையா?”

“பாலத்துகிட்ட வாயை மூடிட்டாரேக்கா… பயமா, மூச்சு முட்டுதான்னு தெரியாம எனக்கு ஈரக்கொலையே ஆடிப்போச்சு.”

“இன்னா சொல்ற நீ?”

மதலேனாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

“மூச்சு வாங்காம பேசிக்கிட்டே நடக்கற வரைக்கும் இவரு நெஞ்சுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டர் சொன்னாரு. இதை இவருகிட்ட சொன்னா மூச்சை எண்ணி எண்ணியே பயந்துடுவாருக்கா. சண்டைன்னாத்தான் இவரு நிறுத்தாம பேசுவாரு.”