சம்பந்திக்கு ஒரு கை இலை

"எனக்குச் சக்கர வியாதி" என்று முத்துகிருஷ்ணன் சொன்ன தோரணை, புதிதாக டிராக்டர் வாங்கியதைச் சொல்வதுபோல் இருந்தது. "செங்கல்பட்டு டாக்டரு மாத்திர குடுத்தான். தூக்கிக் கடாசிட்டேன். நமக்கு எல்லாமே மூலிகதான்."

காவாந்தண்டலம் வீராசாமி பயபக்தியோடு தலையாட்டினான். தென்னேரியில் இருபது காணி நஞ்சை வைத்திருக்கும் மனிதர், மகன் வரதனுக்குப் பெண் பார்க்க வந்திருக்கிறார். ராஜ்தூத் மோட்டார் சைக்கிள் கேட்டார், சரியென்று சொல்லியாயிற்று. சொஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டுத் தட்டு மாற்றுவதுதான் பாக்கி.

இந்த இடமும் தட்டிப்போனால் வீராசாமிக்கு மானம் போகும். அதைவிடப் பெரிய தொல்லை, மகள் ஆதிலட்சுமிக்குக் கொடுத்த வாக்கு. டீச்சர் டிரெய்னிங்கில் இடம் கிடைத்த கார்டை வைத்துக்கொண்டு நாலு நாளாக அழுதவளிடம், "இந்த எடம் அமையலன்னா நீ காஞ்சிபுரம் போயி படி" என்று நாலு பேர் எதிரில் சொல்லித் தொலைத்திருந்தான்.

சொஜ்ஜி வந்தது. நெய் மிதப்பதைப் பார்த்து முத்துகிருஷ்ணனுக்கு நாக்கில் நீர் ஊறியது. சர்க்கரையை நினைத்துக் கை தயங்கியது.

அப்போதுதான் வீராசாமியின் பெண்டாட்டி செல்லம்மாள் ஒரு தட்டில் பச்சை இலைகளைக் கழுவி எடுத்து வந்தாள். வெளி மனிதர் எதிரில் வாயே திறக்காதவள், அன்று திறந்தாள். "சக்கரைக்கு நல்லதுங்க. மொதல்ல இத மென்னு முழுங்கிட்டு, அப்பறம் சாப்புடுங்க."

பரவாயில்லையே, இவளுக்கும் சமயத்தில் மூளை வேலை செய்கிறதே என்று வீராசாமி பூரித்துப்போனான்.

"இது எனக்குத் தெரியாதா? எங்க வூட்டு வேலியில மண்டிக்கினு கீது" என்றார் முத்துகிருஷ்ணன். பேரைக் கேட்டிருந்தால் முழித்திருப்பார். சும்மா கிடைத்த மருந்தாயிற்றே, ஒரு கை இலையையும் ஆடு மாதிரி அரைத்து விழுங்கிவிட்டுச் சொஜ்ஜியை அள்ளிப் போட்டுக்கொண்டார்.

முகம் கோணியது.

"இன்னாய்யா இது? ஆத்து மணல அள்ளி வெச்சிகீறியா? ஒரு பொட்டு சக்கர கெடயாது!"

"இனிப்பாத்தான் கீது நைனா" என்றான் வரதன், தட்டை வழித்துக்கொண்டே.

"உனக்குப் போட்டுட்டு எனக்குப் போடல! வியாதிக்காரன்னு நக்கல் பண்றானுங்க. எழுந்திருடா!"

வீராசாமி காலில் விழாத குறையாகக் கெஞ்சியும் பலிக்கவில்லை. வாடகைக் கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

உள்ளே வந்து சட்டியில் இருந்த சொஜ்ஜியை வாயில் போட்டுப் பார்த்தான். தித்திப்பு தொண்டையை அடைத்தது. அப்படியானால் அந்த ஆள் தட்டில் மட்டும் விளையாடியது மகள்தான்.

"படிக்கப் போறதுக்கு இந்த வேலையாடி?" என்று கையை ஓங்கினான்.

"எனக்கு ஒண்ணுமே தெரியாது நைனா!" என்று ஆதிலட்சுமி நடுங்கினாள்.

செல்லம்மாள் குறுக்கே வந்து நின்றாள். முந்தானையில் மிச்சமிருந்த இரண்டு இலையை அவன் கையில் வைத்தாள். "இத மென்னுட்டு, அதே சொஜ்ஜிய இன்னொரு வாயி துன்னு பாரு."

மென்றான். தின்றான். சட்டியோடு மணலாகிவிட்டிருந்தது.

"இத மென்னா கொஞ்ச நேரம் நாக்குக்கு இனிப்பே தெரியாது" என்றாள் செல்லம்மாள். "எனக்கு ஆறு வருஷமா சக்கர. தெனம் காலையில இதத்தான் மெல்லுறேன்."

பெண்டாட்டிக்கு வியாதி இருப்பதே வீராசாமிக்கு அன்றைக்குத்தான் தெரியும். வெட்கம் வந்திருக்க வேண்டும், ஆத்திரம்தான் வந்தது.

"அடிப்பாவி! அந்தாளு குதிச்சப்பவே இத வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா கேடு?"

"சொல்லியிருந்தா கல்யாணம் நிச்சயமாயிருக்குமே!"