அக்காவுக்குப் பல் வலி

தச்சர் அருளப்பனின் பைக்குள் ஒயர் இல்லாத ரம்பமும் ஒயர் இல்லாத டிரில்லும் அக்கா தங்கையாகக் குடியிருந்தார்கள். வேலை செய்யப் பிளக்கைத் தேடி அலைய வேண்டியதில்லை, ஏணி உச்சிக்கும் போய் வரலாம். ஆனால் இருவருக்கும் சேர்த்து ஒரே பேட்டரிதான். அதனாலேயே, தன் முறை வருவதற்குள் அது தீர்ந்துவிடுமோ என்று தங்கைக்கு எந்நேரமும் கவலை.

அன்றைக்குத் தெருவிலேயே கரண்ட் இல்லை. கைக்குழந்தையோடு தனியாக இருக்கும் ஒரு பெண்ணின் வீட்டுக் கதவுக்கு, இருட்டுவதற்குள் தாழ்ப்பாள் போட்டாக வேண்டும். முதலில், தரையில் உரசிய கதவின் அடியை ரம்பம் அறுத்தாள்.

"அக்கா, எல்லாத்தையும் நீயே முழுங்கிடாதே. எனக்கு நாலு ஸ்க்ரூ இருக்கு!"

"சும்மா இருடி. வேப்பமரக் கதவு கெட்டி, வாய் நிறையத் தின்னாத்தான் அறுபடும்."

"ஐயோ, பேட்டரியில ஒரே ஒரு சார்ஜ் விளக்குதான் எரியுது!"

அறுக்க இன்னும் விரற்கடை மிச்சம் இருக்கும்போது ரம்பம் சட்டென்று நின்றுவிட்டாள்.

"நேரம் பார்த்து மக்கர் பண்றியே, சனியனே!" என்று தச்சர் திட்டிவிட்டு, மிச்சத்தைக் கைரம்பத்தால் அறுத்தார். பேட்டரியைக் கழற்றி டிரில்லில் மாட்டினார். நாலாவது ஸ்க்ரூ இறுகியதும் பேட்டரியின் அந்த ஒரு விளக்கும் அணைந்தது. அந்தப் பெண் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்துச் சிரித்தாள்.

பைக்குள் டிரில் மெதுவாகக் கேட்டாள்: "ஏன்க்கா நின்னே? வீணா திட்டு வாங்கினியே."

"பல் வலி," என்றாள் ரம்பம்.

மறுநாள் கரண்ட் வந்து பேட்டரி நிறைந்தது.

"முதல்ல அக்கா சாப்பிடட்டும்," என்றாள் டிரில். ரம்பம் வாயைத் திறப்பதற்குள், "ஆனா பார்த்துச் சாப்பிடுக்கா," என்றாள்.