கண்ணுக்கு நேரே

கராஜ் கதவு பாதி திறந்திருக்கிறது. அக்டோபர் வெயில் தரையோடு ஊர்ந்து வந்து, டார்லீன் திரித்துப் பூட்டிய புதிய வில்நாணின் மெழுகில் மின்னுகிறது. ஆரஞ்சும் கறுப்பும். மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி அவள் கணவன் வெஸ்லி தேர்ந்தெடுத்த நிறங்கள். நாணின் இழைகளுக்கு நடுவே, அவனுடைய பழைய நாணில் இருந்த இடத்திலேயே, குறி பார்க்கும் சிறு வளையத்தைச் செருகியிருக்கிறாள். நாணை முழுதாக இழுத்து நிற்பவனின் கண்ணுக்கு நேரே அது வரவேண்டும். அதைச் சரிபார்த்துத்தான் கட்டுவாள். கையில் நூல் தயாராக இருக்கிறது.

"கண்ண மூடிட்டு இழு. இழுத்து நின்னப்புறம் தொற."

"கல்யாணத்துக்கும் அப்படித்தான் வந்தேன்," என்கிறான் வெஸ்லி.

வில்லின் விசையைக் குறைக்க முடிந்த மட்டும் குறைத்திருக்கிறாள், அவனிடம் சொல்லவில்லை. நாண் பாதிவரை வருகிறது. நாண் சுற்றியோடும் வில்முனைச் சக்கரங்கள் முனகுகின்றன. தொளதொளத்த சட்டைக்குள் அவன் தோள் நடுங்கத் தொடங்குகிறது. அம்பில்லாமல் நாணை விட்டால் வில் சிதறிவிடும்.

"விட்டுடாத வெஸ், விட்டுடாத."

பின்னாலிருந்து அவன் கைமேல் கை வைத்துப் பிடிக்கிறாள். இருவருமாக நாணை மெல்ல மெல்ல முன்னே கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். அவன் மூச்சு மெழுகு வாசனையைத் தாண்டி மருந்தாக நாறுகிறது.

"நாளைக்குப் பாத்துக்கலாம்," என்கிறாள்.

அவன் வில்லை அவளிடம் நீட்டுகிறான். "நீயே இழு. உன் கண்ணுக்குக் கட்டிக்கோ."

டார்லீன் கண்ணை மூடி இழுக்கிறாள். எளிதாக வந்துவிடுகிறது. கண்ணைத் திறக்கிறாள். வளையம் அவள் புருவத்துக்கு மேலே, அவனுடைய கண் உயரத்தில் நிற்கிறது.