உள்ளிருந்து முடுக்கிய பலகை

தச்சன் டோரினைப் பொறுத்தவரை திமிஷோரா நகரத்தில் தன்னைத் தவிர மற்ற தச்சர்கள் எல்லாரும் விறகுவெட்டிகள். லுக்ரேசியாவின் வீட்டில், சுவரோடு பதித்த பழைய எழுதுமேசையைப் புதுப்பிக்க வந்தவன் அதன் அடியில் குனிந்து பார்த்தான். சுவரிலிருந்த சின்ன மாடத்தை ஒரு பலகை மூடியிருந்தது. அவன் காறித் துப்பாத குறைதான்.

"எந்த வெளக்கெண்ணெ செஞ்ச வேலைம்மா இது? பலகையை உள்ள இருந்து முடுக்கியிருக்கான். ஸ்க்ரூ முனையெல்லாம் வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது பாருங்க. அப்புறம் அந்த மடையன் எப்படி வெளிய வந்தானாம்?"

"நான் வீடு வாங்கினப்பவே அப்படித்தான் இருந்துச்சு தம்பி. காபி ஆறுது, குடிங்க."

பலகையை உடைத்து எடுத்தான். மாடத்தில் ஒரு பூனைகூடப் படுக்க முடியாது. தூசிதான் இருந்தது. புது ஓக் பலகையை வைத்து, வெளியிலிருந்து பதினாறு ஸ்க்ரூ முடுக்கினான்.

"இதுக்குப் பேருதாம்மா வேலை" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் காலை இழுப்பறைகளுக்குக் கைப்பிடி மாட்ட வந்தான். அவனுடைய பதினாறு ஸ்க்ரூக்களும் மேசைக்கு அடியில் தரையில் கிடந்தன.

"நான் அந்தப் பக்கமே போகல தம்பி" என்றாள் லுக்ரேசியா.

டோரின் பலகையைப் பிடித்து இழுத்தான். அது அசையவில்லை. தடவிப் பார்த்தபோது விரலில் குத்தியது. பதினாறு ஸ்க்ரூ முனைகள், நூல் பிடித்த மாதிரி ஒரே வரிசையில் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

அவற்றுக்குப் பக்கத்தில் அவன் நேற்றுப் போட்ட துளைகள் கோணலாகத் தெரிந்தன.