எஃப்.சி. அன்று மட்டும்

கரையான்சாவடி தாண்டி, ரோட்டோரப் புங்க மரத்தடியில், ஜாக்கி போட்டுத் தூக்கிய ஆல்ட்டோவுக்கு அடியில் மெக்கானிக் நிர்மல் மல்லாந்து கிடந்தான். பக்கத்தில் ஓர் அரிசிச் சாக்கு.

வண்டிக்காரர் மதுரைவீரன் ஸ்பேனரோடு குந்தியிருந்தார். அவர் மனைவி தாட்சாயிணி செல்போன் வெளிச்சத்தை வண்டிக்கு அடியில் காட்டிக்கொண்டு குனிந்து நின்றாள்.

வண்டிக்குப் பதினைந்து வயது முடிந்துவிட்டது. இன்றைக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் எஃப்.சி. கிடைத்தால் இன்னும் ஐந்து வருஷம் ஓடும். இல்லாவிட்டால் காயலான் கடைதான்.

சிக்கல் என்னவென்றால், புகையைச் சுத்தம் பண்ணி வெளியே விடுகிற கன்வெர்ட்டர் வண்டியில் இல்லை. போன வருஷம் இதே நிர்மல்தான் கழற்றினான். அடைத்துக்கொண்டதாம், அதனால்தான் வண்டி இழுக்கவில்லையாம். அந்த இடத்தில் வெறும் குழாயை வைத்து மூடினான். வண்டி என்னவோ நன்றாகத்தான் இழுத்தது. பின்னால் வந்தவர்கள்தான் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

வெறும் குழாயோடு போனால் புகை டெஸ்ட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதற்கும் நிர்மலிடம் வழி இருந்தது. ஆல்ட்டோக்களுக்கென்றே ஒரு கன்வெர்ட்டர் வைத்திருந்தான். எஃப்.சி. அன்று காலையில் வாடகைக்கு மாட்டுவான், பாஸானதும் கழற்றிக்கொள்வான். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் இருக்கிற கிழட்டு ஆல்ட்டோக்களெல்லாம் அந்த ஒன்றை வைத்துத்தான் பிழைத்துக்கொண்டிருந்தன.

"இத்த மாட்டிக்கினு போன வண்டி ஒண்ணுகூட ஃபெயிலானதில்ல அண்ணாத்தே. செம ராசி" என்றபடி அதைச் சாக்கிலிருந்து உருவினான்.

மதுரைவீரன் குனிந்து அதை உற்றுப் பார்த்தார்.

கன்வெர்ட்டரின் மூடித் தகட்டில் கை அகலத்துக்கு ஓர் எவர்சில்வர் ஒட்டு. நாலு மூலையிலும் ரிவெட். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டராக இருப்பவருக்குத் தன் கைவேலை தெரியாதா? அந்தத் தகடு கடகடவென்று ஆடி, போகிற இடமெல்லாம் மானத்தை வாங்கியபோது, அவரே உட்கார்ந்து அடித்த ஒட்டு அது.

அடைத்துக்கொண்டது என்றானே, பச்சைப் பொய். நல்ல சாமானைக் கழற்றி, ஊரெல்லாம் வாடகைக்கு விட்டு, கடைசியில் சொந்தக்காரனுக்கே வாடகைக்குக் கொண்டுவந்திருக்கிறான். யாருடையது என்பதே அவனுக்கு மறந்திருக்கும். கழற்றியது ஒன்றா இரண்டா.

சட்டையைப் பிடித்து நாலு வைத்திருக்கலாம். மதுரைவீரனால் அது முடியாது.

என்னுடையது என்றால், என்ன அடையாளம் என்று கேட்பான். அடையாளம் அந்த ஒட்டுதான். வெந்து நீலம் பாரித்த அந்த எவர்சில்வரில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது: 'சாயிணி.'

முன்னால் இருந்த 'தாட்' கத்தரியோடு போய்விட்டது.

தாட்சாயிணிக்கு அவள் அப்பா சீராகக் கொடுத்த தட்டு. பரணில் சும்மாதானே கிடக்கிறது, கனமான தகடு, சூடு தாங்கும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்துக் கத்தரித்துவிட்டார். அவர் நேரம், கொஞ்ச நாளிலேயே மாமனார் செத்துப்போனார். படையலுக்கு அப்பா கொடுத்த தட்டைத்தான் வைப்பேன் என்று தாட்சாயிணி வீட்டையே தலைகீழாகப் புரட்டினாள்.

இடையில் வீட்டுக்கு வந்துபோனது மதுரைவீரனின் அக்கா பொன்னியம்மா மட்டும்தான். பழி அவர் தலையில் விழுந்தது. திருடி என்கிற வார்த்தைகூட வந்துவிட்டது. மதுரைவீரன் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

அக்கா இருப்பது இதோ இருக்கிற அண்ணனூரில். சேக்காட்டில் இருக்கிற தம்பி வீட்டு வாசலை அதற்குப் பிறகு அவர் மிதிக்கவில்லை. வருஷம் ஆறாகிறது. இப்போது உண்மை வெளியே வந்தால் ஒரு தட்டுக்கு மட்டுமா பதில் சொல்ல வேண்டியிருக்கும்?

மதுரைவீரன் கையிலிருந்த கிரீஸ் துணியை அவசரமாக ஒட்டின் மேல் போட்டார்.

"சூடா கீது தம்பி, துணியோட புடி."

சாக்கிலிருந்து வந்த சாமான் சில்லென்று இருந்தது. நிர்மல் அவரை ஒரு மாதிரி பார்த்தான். துணியை உதறிப் போட்டுவிட்டு, கன்வெர்ட்டரைத் தூக்கி மாட்டினான். செல்போன் வெளிச்சம் ஒரு தடவை ஆடி, மறுபடி நிதானத்துக்கு வந்தது. கை வலிக்கிறது போலிருக்கிறது என்று மதுரைவீரன் நினைத்துக்கொண்டார்.

ஆர்.டி.ஓ. ஆபீஸில் புகை டெஸ்ட்டில் எல்லாம் அளவுக்குள் வந்தது. உருப்படியான சாமான், வராமல் என்ன செய்யும். இன்ஸ்பெக்டர் பிரேக்கைப் பார்த்தார், விளக்குகளைப் பார்த்தார், குனிந்து அடிப்பக்கத்தையும் பார்த்தார். பாஸ்.

மதுரைவீரனுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. இன்னும் கொஞ்ச நேரம். கன்வெர்ட்டர் சாக்குக்குள் போய்விட்டால், அந்த எழுத்துகளும் அதோடு போய்விடும்.

திரும்பி வரும்போது புங்க மரத்தடியில் நிர்மல் ஜாக்கியும் சாக்குமாக நின்று கை காட்டினான். ஆவடியில் அடுத்த ஆல்ட்டோ காத்திருந்தது. மதுரைவீரன் இண்டிகேட்டரைப் போட்டு ஓரங்கட்டப் போனார்.

"நிக்காதீங்க. போங்க" என்றாள் தாட்சாயிணி.

கால் தானாக ஆக்சிலேட்டரை மிதித்தது. சாக்கைத் தூக்கிக்கொண்டு நிர்மல் ஓடி வருவது கொஞ்ச தூரத்துக்குக் கண்ணாடியில் தெரிந்தது.

அவள் புருஷன் பக்கம் திரும்பவே இல்லை. செல்போனில் ஒரு நம்பரைத் தேடிப் போட்டாள். எதிர்ப்பக்கம் எடுக்க வெகு நேரமானது.

"அண்ணி, நான்தான் தாட்சாயிணி. வெச்சுடாதீங்க. ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வாங்க. தட்டு கெடச்சிடுச்சு."