ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை

மாப்பிள்ளை மடிக்கணினியைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டு நான்கு கடிதங்களை வரிசையாக அழித்தார். ஒன்றைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் நின்று தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்த ஹோம் நர்ஸுக்கு, அனுப்பியவர் பெயர் தெளிவாகத் தெரிந்தது. நான்கும் மூத்த மகள் அனுப்பியவை.

"ஆச்சா மாப்பிள்ளை? இனி மத்ததை வாசிங்க" என்றாள் கட்டிலில் சாய்ந்திருந்த டைப்பிஸ்ட் அம்மா.

அவர் குரலில் தேன் தடவிக்கொண்டு வாசித்தார். ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து ஓர் அறிவிப்பு, பழைய அலுவலகத் தோழி ஒருத்தியின் நலம் விசாரிப்பு. டைப்பிஸ்ட் அம்மா பதில் சொல்லச் சொல்ல இரண்டு விரலால் தட்டி அனுப்பினார்.

முப்பத்திரண்டு வருடம் அரசு அலுவலகத்தில் தட்டச்சு செய்தவள் அவள். தெருவில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இப்போது முடக்குவாதத்தில் விரல்கள் எல்லாம் உள்பக்கம் மடங்கிக் கிடந்தன. கட்டிலை விட்டு இறங்கவே ஓர் ஆள் வேண்டும். ஞாயிறு தவறாமல் வந்து மெயில் பார்த்துக் கொடுக்கும் இளைய மகளின் கணவரை, மருமகன் இல்லை, மகன் என்று எதிர் வீட்டுத் தையல்காரி தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

தையல்காரி வந்து உட்கார்ந்தால் பேச்சு மூத்தவளிடம்தான் போய் நிற்கும். ஒரு வரி எழுதக்கூட அவளுக்கு மனசு வரவில்லையே என்று டைப்பிஸ்ட் அம்மா பெருமூச்சு விடுவாள். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று தையல்காரி மூக்கைச் சிந்திக்கொண்டு மூத்தவளைத் திட்டித் தீர்ப்பாள். அந்த நாட்களில் டைப்பிஸ்ட் அம்மா இரண்டு வாய் கூடவே சாப்பிடுவாள். மனசில் இருப்பதைக் கொட்டிவிட்டால் பசி எடுக்கும்தானே என்று நர்ஸ் நினைத்துக்கொள்வாள். அவளும் கூடச் சேர்ந்து மூத்தவளைத் திட்டியிருக்கிறாள்.

இப்போது அதை நினைக்க வெட்கமாக இருந்தது. இந்த வேலைக்கு வந்து பன்னிரண்டு வருடமாக மலச்சட்டி எடுக்கிறாள், சீழ் பிடித்த புண்ணைத் துடைக்கிறாள். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் அந்தக் கொழுத்த விரல், பெற்ற மகளின் எழுத்தை மூட்டைப்பூச்சியை நசுக்குவதுபோல நசுக்கியதைப் பார்த்ததும் முகம் தானாகச் சுளித்தது. அதே விரலால் அவர் மாமியாரின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டபோது, அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வாசலில் செருப்பு மாட்டும்போது அவரைப் பிடித்துக்கொண்டாள். எதற்காக அழித்தீர்கள் என்று கேட்டாள். அவர் காது சிவந்தது. அத்தை நிம்மதியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார்.

"சோறுதானே சார் திங்கறீங்க?" என்றாள் நர்ஸ்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு உள்ளறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். கையும் களவுமாகப் பிடிபட்டவன் வாயில் வேறென்ன வரும் என்று நினைத்தவள், அவர் நின்ற படியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவினாள்.

மறுநாள் காலை டைப்பிஸ்ட் அம்மாவின் உடம்பைத் துடைத்து, உடை மாற்றி, முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து உட்காரவைத்தாள். பிறகு மடிக்கணினியைத் திறந்தாள். அழித்த கடிதம் ஒரு மாதம் வரை குப்பைத்தொட்டியில் கிடக்கும் என்பது தன் ஃபோனில் பழகி அவளுக்குத் தெரியும். தொட்டியில் மூத்தவளுடைய கடிதங்கள் பத்தொன்பது கிடந்தன.

கடைசியாக வந்ததைத் திறந்து, மெல்ல வாசித்தாள்.

"அம்மா, வியாழக்கிழமை எனக்கு நெஞ்சுல ஆபரேஷன். ரொம்பப் பயமா இருக்கு. நீ என்கூடப் பேச வேண்டாம். திட்டியாவது ஒரு வரி எழுது. அதைப் படிச்சிட்டு உள்ளே போறேன்."

டைப்பிஸ்ட் அம்மா கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். உதடு துடித்தது. இப்போது அழுதுவிடுவாள் என்று நர்ஸ் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். மகள் மறக்கவில்லை, ஒரு மாதத்தில் பத்தொன்பது முறை எழுதியிருக்கிறாள், நல்லவர் என்று தெருவே கொண்டாடுகிற மனிதர்தான் அத்தனையையும் அழித்திருக்கிறார் என்றாள். இன்னும் மூன்று நாள் இருக்கிறது, நீங்கள் சொல்லுங்கள், இப்போதே நான் தட்டி அனுப்புகிறேன் என்றாள்.

டைப்பிஸ்ட் அம்மா கண்ணைத் திறந்தாள். அதில் பொட்டு ஈரம் இல்லை.

"மாப்பிள்ளையை ஒண்ணும் சொல்லாதே. அழிக்கச் சொன்னதே நான்தான்."