ஒரு நோட்டு, ரெண்டு நாடு

“ஒரே நோட்டுல ரெண்டு நாட்டுப் பேரா? எந்த ஊர்ல இப்படி அச்சடிக்கிறான்?”

நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கேட்டார் ஜியாவுல்லா. திருவண்ணாமலை தேரடித் தெருவில் அச்சுக்கூடம் நடத்துகிறவர்.

எழுபத்திரண்டாம் வருஷம் அது. அவருடைய தங்கை மகள் சுல்தானாவைப் பெண் கேட்டு, கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளை மொய்னுதீனுக்குத் துபாயில் எலக்ட்ரீஷியன் வேலை. பெண் கையில் வைக்கச் சொல்லி அவனுடைய அம்மா நீட்டிய நோட்டைத்தான் ஜியாவுல்லா நடுவில் பிடுங்கியிருந்தார்.

“கத்தார் அண்ட் துபாய்னு போட்டிருக்கு மச்சான்,” என்றார், சுல்தானாவின் அப்பா அன்வர் பாஷாவிடம். “நாளைக்கு இந்தியாவும் சிலோனும் கூட்டு சேர்ந்து நோட்டு போடுமா?”

“அங்க ரெண்டு ஊருக்கும் ஒரே ரியால்தாங்க,” என்றான் மொய்னுதீன்.

“அச்சு வேலைக்காரன்கிட்டயே கதை விடுறியா தம்பி? நீ துபாய்க்கே போகாம பம்பாயோட திரும்பினவன். பொண்ணை ஒரு தடவை பாத்துக்கன்னா அதுவும் வேணாம்ங்கறே. அப்படி என்ன அவசரம்?”

மாப்பிள்ளையின் அம்மா முக்காட்டை இழுத்துவிட்டு எழுந்தாள். “வாடா போலாம். கள்ள நோட்டுக்காரன்னு பேர் வாங்கவா பஸ் ஏறி வந்தோம்?”

மொய்னுதீன் நகரவில்லை. அன்வர் பாஷா யாரைச் சமாதானம் செய்வது என்று தெரியாமல் விழித்தார்.

திரைக்குப் பின்னாலிருந்து சுல்தானாவின் குரல் வந்தது.

“மாமா, அந்த நோட்டுல பாய்மரக் கப்பல், பேரீச்ச மரம், எண்ணெய்க் கிணத்துக் கோபுரம் மூணும் இருக்கா?”

ஜியாவுல்லா நோட்டைக் கண்ணருகே கொண்டுபோனார். மூன்றும் இருந்தன.

“அப்ப நல்ல நோட்டுதான். ரெண்டு ஊருக்கும் பொதுவா ஒரே ரியால்னு பேப்பர்ல படத்தோட வந்துச்சு.”

“தினம் இங்க வந்து வரி விடாம படிக்கிறேன், நான் பாக்கலையே?” என்றார் ஜியாவுல்லா.

“நீங்க வர்றதுக்குள்ள எங்க அம்மி அதுல பஜ்ஜி மடிச்சிட்டாங்க.”

கூடமே சிரித்தது. ஜியாவுல்லா மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டார். “ஜாஸ்தி பேசிட்டேன், மனசுல வச்சுக்காதே.” பிறகு அவனுடைய அம்மாவிடம் திரும்பினார். “உட்காருங்கம்மா. முகம்கூடப் பாக்காத மாப்பிள்ளைக்கே எப்படிப் பரிஞ்சு பேசுது பாருங்க. குடுத்து வச்சவங்க நீங்க.”

நோட்டு திரைக்குள் போனது. சுல்தானா அதை மடிக்காமல் வளையல் பெட்டியின் அடியில் வைத்தாள், போன லீவுக்கும் அதற்கு முந்தின லீவுக்கும் வந்தபோது மொய்னுதீன் ரகசியமாகக் கொடுத்த அதே கப்பல் நோட்டுகளோடு.